கிரியுவின் பெயரை இனி அவரிடமே விட்டுவிடுங்கள்

ரியு கா கோதோக்கு ஸ்டூடியோவின் தலைவர் மசயோஷி யோகோயாமா அவர்களுக்கும், அங்கே கதை எழுதுகிற, சண்டைகளை அமைக்கிற, தெருக்களை வரைகிற எல்லோருக்கும்,

வணக்கம்.

ஒரே ஒரு வேண்டுகோளோடு வருகிறேன். ஜப்பானிய யாகுசா கும்பல்களின் உலகத்தில் நடக்கிற உங்கள் ‘யாகுசா’ (இப்போது ‘லைக் எ டிராகன்’) வீடியோ கேம் தொடரின் நாயகர் கசுமா கிரியுவை இனி எந்தச் சண்டைக்கும் அழைக்காதீர்கள். 2024 ஜனவரி 26 அன்று வெளிவந்த ‘இன்ஃபினிட் வெல்த்’ விளையாட்டின் முடிவில் அவரை எந்த இடத்தில் விட்டீர்களோ, அங்கேயே அவர் இருக்கட்டும். அந்த முடிவைப் பற்றியும் அதற்கு முந்தைய முடிவுகளைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் பேசப் போகிறேன். இன்னும் விளையாடி முடிக்காதவர்கள் முடித்த பிறகு இதைப் படிக்கலாம்.

வீடியோ கேம் நாயகர்களுக்குப் பொதுவாக வயது ஏறுவதில்லை. முதல் பாகத்தில் என்ன உடம்போ, பத்தாவது பாகத்திலும் அதே உடம்புதான். தாவுகிறார்கள், சுடுகிறார்கள், மறுபடி தாவுகிறார்கள். நீங்களோ கிரியுவுக்கு 1968 ஜூன் 17 என்று ஒரு பிறந்தநாளைக் கொடுத்தீர்கள். கொடுத்ததோடு நிற்காமல் அதற்குக் கட்டுப்பட்டும் நடந்தீர்கள். 2005 டிசம்பர் 8 அன்று பிளேஸ்டேஷன் 2-இல் முதல் பாகம் வந்தபோது அவருக்கு 37 வயது. ‘இன்ஃபினிட் வெல்த்’ கதை நடக்கிறபோது 55. நடுவில் இருக்கிற ஆண்டுகளை நாங்களும் வாழ்ந்திருக்கிறோம். அவருடைய முடி நரைத்தபோது எங்களில் பலருக்கும் நரைக்கத் தொடங்கியிருந்தது.

தெருக்களும் அப்படித்தான். டோக்கியோவின் கபுகிச்சோவைப் பார்த்து நீங்கள் உருவாக்கிய கமுரோச்சோ பெரிய நிலப்பரப்பு இல்லை. நுழைவு வளைவிலிருந்து மில்லேனியம் டவர்வரை சில நிமிடங்களில் ஓடிவிடலாம். ஆனால் அதே சந்துகளை 1988-இல் ஒரு முறை, 2005-இல் ஒரு முறை, 2016-இல் ஒரு முறை என்று நடக்க வைத்தீர்கள். போன பாகத்தில் இருந்த கடை இந்தப் பாகத்தில் இல்லை என்று கவனிக்கிறபோது மனசுக்குள் ஏதோ ஒன்று நகர்கிறது. பிறந்து வளர்ந்த தெருவுக்குப் பல வருடம் கழித்துப் போகிறவனுக்கு வருகிற உணர்வு அது. உலகம் முழுவதையும் வரைபடமாகத் தருகிற விளையாட்டுகளிடம் எனக்கு அது கிடைத்ததில்லை.

நான் பேச வந்தது பெயரைப் பற்றி. இந்தத் தொடர் முழுவதையும் மீண்டும் ஒரு முறை வரிசையாக நினைத்துப் பார்த்தபோது, கிரியுவின் கதையே அவர் தன் பெயரை மற்றவர்களுக்காகக் கொடுத்துக்கொண்டே போன கதை என்று எனக்குப் பட்டது. 1995-இல் கும்பல் தலைவன் தோஜிமாவைச் சுட்டது நிஷிகியாமா. இருவரோடும் சேர்ந்து வளர்ந்த யுமியைக் காப்பாற்றச் சுட்டான். ஒன்றாக வளர்ந்த அந்த நண்பனை அனுப்பிவிட்டு, பிணத்தின் பக்கத்தில் நின்று பழியைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார் கிரியு. பத்து ஆண்டுகள் சிறை. வெளியே வந்தால் நண்பன் வேறு ஆளாகிவிட்டான், யுமியைக் காணவில்லை, ஒன்பது வயதுச் சிறுமி ஹருகா தன் அம்மாவைத் தேடிக்கொண்டு நிற்கிறாள். தொடரின் முதல் சில மணி நேரத்திலேயே இவ்வளவும் நடந்துவிடுகிறது.

2012-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் அவர் ஃபுகுவோகாவில் டாக்சி ஓட்டுகிறார், தாய்ச்சி சுஸுகி என்ற பெயரில். தாய்ச்சி என்பது ஒகினாவாவில் அவர் வளர்த்த சிறுவர்களில் ஒருவனின் பெயர். ஒளிந்து வாழப் போகிறபோதும் பிள்ளையின் பெயரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்! அந்த டாக்சியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. தோஜிமாவின் டிராகன் என்று ஊரே நடுங்கிய மனிதர் அங்கே சிவப்பு விளக்கில் நிற்கிறார். திரும்புவதற்கு முன் இண்டிகேட்டர் போட வேண்டும். பிரேக்கை மெதுவாக மிதிக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்திருக்கிற பயணி பேசுகிறபோது பொருத்தமான பதிலைச் சொல்ல வேண்டும். வேகமாகப் போய்ச் சேர்ந்தால் பாராட்டு கிடையாது. அதுவரை கன்ட்ரோலரை அழுத்தி அழுத்தித் தேய்த்த என் கட்டைவிரல், முதல் முறையாக அதை மென்மையாகத் தொடக் கற்றுக்கொண்டது. அந்த மனிதருக்கு உள்ளூர என்ன வாழ்க்கை பிடிக்கும் என்பதை வசனமே இல்லாமல் என் கைக்குச் சொல்லிவிட்டீர்கள்.

மூன்றாம் பாகத்தையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 2009-இல் அது வந்தபோது, தொடக்கம் மிக மெதுவாக நகர்கிறது என்று குறைப்பட்டவர்கள் உண்டு. ஒகினாவாவில் கடற்கரையை ஒட்டி அவர் நடத்துகிற அசகாவோ அனாதை இல்லம். ஹருகாவையும் சேர்த்து ஒன்பது பிள்ளைகள். காணாமல்போன காசு, வீட்டுக்குள் வந்த நாய், ஒரு பையனின் முதல் காதல் என்று மணிக்கணக்கில் போகும். தானும் அனாதை இல்லத்தில் வளர்ந்தவர், தன் பெற்றோரைக் கொன்ற மனிதரின் கையாலேயே வளர்க்கப்பட்டவர், இப்போது ஒன்பது பேருக்குத் தகப்பனாக நிற்கிறார். அந்த மெதுவான மணிநேரங்கள் இல்லாவிட்டால் பின்னால் வந்த எந்தப் பிரிவும் எங்களுக்கு வலித்திருக்காது. அவற்றைத் துணிந்து வைத்ததற்காக உங்களுக்கு நன்றி சொல்ல இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டேன்.

அதனால்தான் 2016-இல் நீங்கள் அவருக்குக் கொடுத்த முதல் பிரியாவிடையை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆறாம் பாகம் 2016 டிசம்பர் 8 அன்று ஜப்பானில் வந்தது. முதல் பாகம் வந்து சரியாகப் பதினோரு ஆண்டுகள், அதே தேதி. கிரியுவின் கடைசி அத்தியாயம் இதுதான் என்று தொடரை உருவாக்கிய தோஷிஹிரோ நகோஷியும் சொல்லியிருந்தார். விளையாட்டின் பெரும்பகுதி அழகு. ஹருகா நினைவிழந்து மருத்துவமனையில் கிடக்க, அவளுடைய கைக்குழந்தை ஹருதோவைத் தோளில் போட்டுக்கொண்டு ஒனோமிச்சியின் சரிவான தெருக்களில் அலைகிறார் கிரியு. பால்பொடி தேடுகிறார். குழந்தை அழுதால் ஆட்டிச் சமாதானப்படுத்துகிறார். பேரனைச் சுமக்கிற தாத்தாவாகவே அவரைப் பார்த்தேன். அப்புறம் அந்த முடிவு வருகிறது. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு ஈடாகத் தான் செத்துப்போனதாக உலகம் நம்பட்டும் என்று, திரைமறைவில் அரசியலை ஆட்டிவைக்கிற தாய்தோஜி குழுவோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறார். குழந்தையோடு அசகாவோவுக்குத் திரும்பும் ஹருகாவைத் தொலைவில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்.

தியாகம் என்று அதைக் கொண்டாடியவர்கள் பலர். நானோ கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் கோபத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் பாகத்தில் அந்தப் பெண் ஆயிரக்கணக்கானோர் முன்னால் மேடையில் நின்று, கனவாக இருந்த பாடகி வாழ்க்கையையே விட்டுக்கொடுத்து, இவர்தான் என் குடும்பம் என்று சொன்னாள். அவள் எல்லோரும் கேட்கச் சொன்னதற்கு, இவர் யாருக்கும் சொல்லாமல் மறைந்ததா பதில்? அனாதைகளாக இருந்து ஒரு தகப்பனைப் பெற்றவர்களை, அந்தத் தகப்பனே மறுபடி அனாதைகளாக்கினார். அதைச் சோகமான அழகு என்று எங்களுக்குக் கொடுத்தீர்கள்.

அதே 2016-இல், மே மாதம், இன்னொரு தொடரும் தன் நாயகனுக்கு விடை கொடுத்தது. ‘அன்சார்டட்’ நான்காம் பாகத்தில் நேதன் டிரேக்கும் தன் பழைய சாகசங்களை மகளிடமிருந்து மறைத்துத்தான் வைத்திருந்தார். கடைசிப் பகுதியில் அந்த மகளாக நாம் வீட்டைச் சுற்றி வருகிறோம், பூட்டிய அலமாரியைத் திறக்கிறோம், உள்ளே இருக்கிற பழைய புகைப்படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறோம். அகப்பட்டுக்கொண்ட அப்பாவும் அம்மாவும் சமாளிக்கப் பார்த்து, பிறகு மகளிடம் கதையைச் சொல்லத் தொடங்குகிறார்கள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. ஏழே மாத இடைவெளியில் இரண்டு முடிவுகளையும் பார்த்தவன் நான். டிரேக்மீது எனக்குப் பெரிய பிடிப்பு இருந்ததில்லை, ஆனாலும் அவர் சொன்னார். என் கிரியு சொல்லவில்லை.

மூன்று ஆண்டுகள் கடந்தவுடன், 2020 ஜனவரியில், இச்சிபான் கசுகா என்ற புதிய நாயகனோடு வந்தீர்கள். சண்டையின் முறையையே மாற்றி, முறைவைத்துத் தாக்குகிற ஆட்டமாக்கினீர்கள். இச்சிபானை எனக்குப் பிடித்துப்போயிற்று. மனசில் இருப்பதை அப்படியே கொட்டிவிடுகிறவன், அழுகை வந்தால் அழுகிறவன். கிரியுவால் முடியாதது எல்லாம் அவனால் முடிகிறது. அந்தக் கதைக்குள் கிரியு வந்து நின்றபோது எனக்குச் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகம். விடைகொடுத்து அனுப்பியவரை எதற்குத் திரும்பக் கூப்பிட்டார்கள், விற்பனைக்கா என்று நினைத்தேன். அந்தச் சந்தேகத்துக்காக இன்று உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் அவரைக் கூப்பிட்டது அந்த முடிவைத் திருத்துவதற்கு என்று பிறகுதான் புரிந்தது.

2023 நவம்பரில் வந்த ‘கைடன்’ விளையாட்டின் துணைத் தலைப்பே, தன் பெயரை அழித்துக்கொண்ட மனிதன். ஜோரியு என்று அவருக்கு ஒரு சங்கேதப் பெயர், கறுப்பு உடை, கறுப்புக் கண்ணாடி. பாதி விளையாட்டு உளவாளி வேடிக்கையாகப் போகிறது, அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ஆனால் கடைசியில் வளர்ந்துவிட்ட தன் பிள்ளைகளை ஒரு காணொளியில் பார்க்கிறார். சின்னத் திரை, அதைப் பிடித்திருக்கிற கை, அந்த முகம். தகாயா குரோதா இந்த மனிதருக்கு 2005-இலிருந்து குரல் கொடுக்கிறார். அடித்தொண்டையிலிருந்து வருகிற, அளந்து பேசுகிற குரல். அந்தக் குரல் அன்று உடைந்தது. அழகாக அழவில்லை. மூச்சு முட்டி, மூக்கு ஒழுகி, வார்த்தை வராமல் அழுதார். 2016-இல் நான் அவர்மீது கொண்ட கோபத்துக்கு அவரே வந்து பதில் சொன்னது போல இருந்தது. தான் செய்தது என்ன என்று அவருக்கும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

பிறகு ‘இன்ஃபினிட் வெல்த்’. புற்றுநோய். தலை நரைத்த கிரியு ஹவாயில் இச்சிபானோடு சேர்கிறார், பின்பு உடம்பு முடியாமல் யோகோஹாமாவுக்குத் திரும்புகிறார். ஜப்பானில் வாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள் தங்கள் விருப்பங்களையும் சொல்ல வேண்டியவற்றையும் எழுதிவைக்கிற குறிப்பேட்டுப் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதை அப்படியே விளையாட்டின் உறுப்பாக்கினீர்கள். தெருவில் நடக்கிறபோது ஓர் இடத்தில் நின்றால் பழைய நினைவு ஒன்று எழுகிறது. நிஷிகியாமா வருகிறான், யுமி வருகிறாள், நாங்கள் விளையாடிய காட்சிகளே வருகின்றன. இன்னொரு பக்கம், பழைய துப்பறிவாளர் தாதே ஏற்பாடு செய்கிற சந்திப்புகள். கிரியுவை அறிந்தவர்கள் வந்து அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர் மறைந்து நின்று கேட்கிறார்.

அந்தச் சந்திப்புகளில்தான் நீங்கள் செய்ததன் நுட்பம் எனக்கு உறைத்தது. 2016-இல் அவர் தொலைவில் நின்று பார்த்தது தியாகமாகக் காட்டப்பட்டது. 2024-இல் அதே ஆள் அதே போல மறைந்து நிற்கிறார், ஆனால் இம்முறை அது நோயைப் போலவே காட்டப்படுகிறது. அவர் மறைந்ததால் என்ன இழந்தார்கள் என்று ஒவ்வொருவராக வந்து சொல்கிறார்கள், அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். எங்களாலும் அந்தச் சுவரை விட்டு நகர முடிவதில்லை. நானும் அவர்கூட நின்று கேட்டேன். ஒரு காட்சி முடிந்ததும் அடுத்ததற்குப் போக மனமில்லாமல் விளையாட்டை நிறுத்திவிட்டுப் படுத்த இரவுகள் உண்டு.

சண்டையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை அமைத்தவர்களைத்தான் இந்த மடலில் முதலில் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த விளையாட்டில் எல்லோரும் முறை வரும்வரை காத்திருக்கிறார்கள். தாக்கு, காத்திரு, தடு, காத்திரு. கிரியுவும் காத்திருக்கிறார். அவருக்கு மட்டும், திரையில் ஏறுகிற ஆற்றல் அளவி நிறைந்துவிட்டால், அந்த ஒழுங்கு உடைகிறது. சில நொடிகள் கட்டளைப் பட்டியல்கள் எதுவும் இல்லை. பழைய பொத்தான்கள் பழையபடி வேலை செய்கின்றன. 2005-இலிருந்து விரலில் ஊறிப்போன அதே வரிசை: சதுரம், சதுரம், சதுரம், முக்கோணம். கிழட்டு உடம்புக்குள் இருந்து அந்த இளைஞன் எழுந்து வந்து நாலு பேரை வீசிவிட்டு, நேரம் முடிந்ததும் வரிசையில் போய் நின்றுவிடுகிறான். என் விரல்களும் நின்றுவிடுகின்றன. முதுமை என்றால் என்ன என்பதை, கதை சொல்லி அழவைக்காமல், கைக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொள்வதன் மூலம் உணர்த்திய வேறொரு விளையாட்டை நான் கண்டதில்லை. 2008-இல் ‘மெட்டல் கியர் சாலிட்’ நான்காம் பாகம் தன் நாயகன் ஸ்னேக்கைக் கிழவனாக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தது. அதுவும் பெரிய விஷயம்தான். ஆனால் நீங்கள் முதுமையைப் பொத்தானுக்குள்ளேயே வைத்துவிட்டீர்கள்.

கடைசியாக அந்தப் பெயர். சாவை ஏற்றுக்கொண்டவராகவே நடமாடிய மனிதர், உடன் வந்தவர்கள் பிடித்து உலுக்கிய பிறகு, வாழ முயற்சி செய்கிறேன் என்று சிகிச்சைக்குப் போகிறார். மருத்துவமனையில் பெயர் கேட்கிறார்கள். கசுமா கிரியு என்கிறார். சுஸுகியும் இல்லை, ஜோரியுவும் இல்லை. நோயாளியின் பெயரைச் சரிபார்க்கிற சாதாரணக் கேள்வி அது. 1995-இல் நண்பனின் குற்றத்துக்காகக் கொடுத்த பெயர், பிள்ளைகளுக்காக அழித்த பெயர், அந்த ஒரு பதிலில் அவரிடமே வந்துசேர்ந்தது. நான் அழுதேன். 2016-இல் வராத கண்ணீர் அது.

இதற்கு மேல் அவரிடம் திருத்த எதுவும் பாக்கி இல்லை. அதனால்தான் பயப்படுகிறேன். சிகிச்சை பலித்ததா இல்லையா என்பதை நீங்கள் சொல்லவில்லை. அது திறந்த கதவு என்று உங்களுக்குள்ளேயே யாராவது சொல்லக்கூடும். இன்னும் ஒரே ஒரு முறை, இச்சிபானுக்கு ஆபத்து, ஹருகாவுக்கு ஆபத்து, ஆகவே கிரியு சட்டையைக் கிழித்து முதுகின் டிராகனைக் காட்டி எழுகிறார் என்று யாராவது எழுதக்கூடும். கூட்டம் ஆர்ப்பரிக்கும் என்பதும் உண்மை. பழக்கத்தில் நானும் கூடவே ஆர்ப்பரித்துவிடுவேன் என்பதால்தான் இப்போதே கேட்கிறேன். அவர் மறுபடி எழுந்தால், அந்த மருத்துவமனையில் சொன்ன பெயர் அடுத்த சண்டைக்கான அறிமுக வசனமாகச் சுருங்கிவிடும்.

அவர் இறந்ததையும் காட்ட வேண்டாம். இச்சிபான் ஒரு கல்லறையின் முன் நின்று சபதம் எடுக்கிற காட்சியை எங்களுக்குத் தராதீர்கள். பிழைத்தாரா என்று யாராவது விளையாட்டுக்குள் கேட்டால், கேட்டவருக்கு இன்னொரு பாத்திரம் பேச்சை மாற்றிப் பதில் சொல்லட்டும்.

பழைய பாகங்களை மறுஆக்கம் செய்வதை நான் சொல்லவில்லை. 2016-இலும் 2017-இலும் முதலிரண்டு பாகங்களை ‘கிவாமி’ என்று புதுப்பித்துத் தந்தீர்கள், அவை நல்ல வேலை. நடந்துமுடிந்த வாழ்க்கையை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் சொல்லலாம். 1988-இன் கிரியுவுக்கு எப்போதும் இருபது வயதுதான். நான் பாதுகாக்கச் சொல்வது 55 வயதுக்காரரை. அவருடைய நாளையை மட்டும் விட்டுவிடுங்கள்.

அப்படியும் அவரைக் காட்டியே தீர வேண்டும் என்று ஒரு நாள் தோன்றினால், ஒகினாவாவில் காட்டுங்கள். அசகாவோ இல்லத்துக்கு முன்னால் அந்தக் கடற்கரை, காலை நேரம், கொடியில் துணி காய்கிறது. ஹருதோ ஓடிவருகிறான். எங்களை அவராக நடக்க விடுங்கள், மெதுவாக. மணலில் நடக்க, பிள்ளையைத் தூக்க, உட்கார பொத்தான்கள் இருக்கட்டும். பழக்கதோஷத்தில் எங்கள் விரல் சதுரத்தை அழுத்தினால், அந்தப் பொத்தானுக்கு மட்டும் எதுவும் நடக்காமல் இருக்கட்டும்.

அன்போடும் நன்றியோடும்,
கமுரோச்சோவின் எல்லாச் சந்துகளையும் அவரோடு நடந்த ஒருவர்